கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சைக்கிள் சுற்று: திராட்சைப் பந்தலும் சுருளிக் காடும்

மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகனோடு ஒரே நாளில் கம்பம் திராட்சைத் தோட்டங்களையும் மேகமலை அடிவாரக் காட்டையும் சைக்கிளில் சுற்றிப் பார்க்க வேண்டும். இருவருக்கும் 40 கிலோமீட்டர் ஓட்டிப் பழக்கம் உண்டு. மூச்சு வாங்கும் மலையேற்றம் வேண்டாம், அதற்காக வெறும் சமதளமாகவும் இருக்கக் கூடாது. எங்கே தொடங்குவது, எந்த மாதம் வருவது, மேகமலையையும் சேர்த்துக்கொள்ளலாமா என்பது கேள்வி.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். உத்தமபாளையத்தில் ஏறி அனுமந்தன்பட்டி, புதுப்பட்டி வழியாகக் கம்பம். அங்கிருந்து நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி, சுருளி அருவி. திரும்பி சுருளிப்பட்டிக்கே வந்து காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, கோகிலாபுரம், மறுபடி உத்தமபாளையம். இராயப்பன்பட்டியிலிருந்து சண்முகாநதி அணைக்கு ஓர் எட்டு போய்வருவதையும் சேர்த்தால் 45-லிருந்து 50 கிலோமீட்டருக்குள் அடங்கும். உங்கள் இருவருக்கும் இது அளவான ஓட்டம்தான். கஷ்டம் தூரத்தில் இல்லை. காற்று, வெயில், ஜீப் இந்த மூன்றையும் கணக்குப் போட்டுக் கிளம்பினால் சுற்று சுகமாக முடியும். இல்லாவிட்டால் கடைசிப் பத்து கிலோமீட்டரில் பையன் உங்களை ஒரு பார்வை பார்ப்பான்.

பெரும்பாலானவர்கள் கம்பத்தில் அறை போட்டு அங்கிருந்தே கிளம்புகிறார்கள். விடுதிகள் கம்பத்தில்தான் அதிகம் என்பதால் அது இயல்பு. ஆனால் உத்தமபாளையத்திலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். இந்தப் பள்ளத்தாக்கு தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடக்கிறது. மேற்கே கேரள எல்லை மலை, கிழக்கே மேகமலை. நடுவில் கிடக்கும் இந்தச் சந்தில்தான் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருகிறது. ஆனி, ஆடியில் அதன் வேகம் ஊருக்கே தெரியும். தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பதும் இந்தக் காற்றை நம்பித்தான். கம்பத்தில் தொடங்கினால், உச்சி வெயிலில் உத்தமபாளையத்திலிருந்து கம்பத்துக்கு நெடுஞ்சாலையில் எதிர்காற்றை மிதித்து முடிக்க வேண்டியிருக்கும். உத்தமபாளையத்தில் தொடங்கினால் அதே பத்து கிலோமீட்டரை விடியலில், காற்று எழும்புவதற்கு முன் முடித்துவிடலாம். சுருளியைத் தாண்டிய பிறகு காற்று முதுகில் வந்துவிடும். கோயிலை வலம் வருவதற்கு நேர்மாறாக, இடம்சுற்றாக வாருங்கள். தை, மாசியில் காற்று சாதுவாக இருக்கும், அப்போது எந்தத் திசையும் ஒன்றுதான். ஆனாலும் நெடுஞ்சாலையைக் காலையிலேயே கழித்துவிடுவது எந்த மாதத்துக்கும் நல்லது.

ஜீப் என்று சொன்னேன். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு தினமும் அதிகாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இடுக்கிக்குப் போகும். மலையேறி நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய வண்டிகள் அவை, ஓட்டம் எப்படியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அவை போகும் திசையில்தான் நீங்களும் போவீர்கள். பின்விளக்கு எரியட்டும், பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள், இருவரும் அருகருகே பேசிக்கொண்டு ஓட்டாமல் ஒருவர் பின் ஒருவராக ஓரமாகப் போங்கள். பைபாஸில் ஏற வேண்டாம், ஊருக்குள் போகும் பழைய சாலையே போதும். இந்தப் பகுதியில் பார்ப்பதற்கும் ஏதாவது உண்டா என்றால், நெல் உண்டு. முல்லைப் பெரியாறு அணை 1895-இல் வந்த பிறகு இருபோகம் விளையும் பூமி இது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோகக் கணக்கு 14,707 ஏக்கர் என்று செய்தித்தாளில் ஒவ்வொரு வருடமும் ஜூன் முதல் தேதியையொட்டி, அணை திறக்கும் செய்தியோடு படித்திருப்பீர்கள். டீக்கடைகளில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மீசை வைத்த வெள்ளைக்காரர் ஒருவரின் படம் தொங்கினால் பையன் கேட்பான். அவர்தான் பென்னிகுக், அணை கட்டிய பொறியாளர். அவருடைய பிறந்தநாள் ஜனவரி 15. அது பொங்கலை ஒட்டி வருவதால் இந்தப் பக்கம் அவருக்கும் சேர்த்தே பொங்கல் வைக்கிறார்கள்.

கம்பத்தில் காலைச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். அடுத்து உருப்படியாக உட்கார்ந்து சாப்பிட உத்தமபாளையம் திரும்பும்வரை நல்ல இடம் அமைவது கஷ்டம்.

கம்பத்திலிருந்து சுருளிச் சாலையில் திரும்பியதுமே காட்சி மாறும். ஆற்றை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில் நெல், கொஞ்சம் மேடேறிய செம்மண்ணில் தென்னை, வாழை, திராட்சை, அதற்கும் மேலே காடு. பள்ளத்தாக்கே இப்படிப் படிப்படியாக அடுக்கி வைத்தது. நீங்கள் அந்த அடுக்குகளைக் குறுக்கே வெட்டிப் போகிறீர்கள் என்பதால் ஏற்றம் தெரியாமலே ஏறிக்கொண்டிருப்பீர்கள். நாராயணத்தேவன்பட்டி தாண்டியதும் இருபக்கமும் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்கள் வரும். மகாராஷ்டிரத்து நாசிக் படங்களில் வேலிபோல வரிசையாக நிற்கும் கொடிகளைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது புதிதாக இருக்கும். இங்கே கொடி தலைக்கு மேலே கூரையாகப் படர்கிறது, குலைகள் கீழ்நோக்கித் தொங்குகின்றன. உள்ளே நுழைந்தால் வெளியில் கொளுத்தும் வெயில் சட்டென்று தணிந்து பச்சை நிழலாகிவிடும். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நுழையுங்கள், குலையில் இடிக்கும்.

விளைவது பெரும்பாலும் பன்னீர் திராட்சை. கருநீலத் தோல், உள்ளே கொட்டை, பழுத்தால் ஒரு தனி வாசம். வேளாண்துறை ஏட்டில் மஸ்கட் ஹாம்பர்க் என்று இருப்பது இதுதான். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டு பக்கமும் மலை மழையை மறித்துக்கொள்வதால் கீழே மழை குறைவு, ஆனால் ஆறும் கிணறும் தண்ணீர் தருகின்றன. திராட்சைக்கு வேண்டியது இந்த இரண்டும்தான்.

எந்த மாதம் போனால் பழம் இருக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இங்கே அந்தக் கவலை வேண்டாம். குளிர்நாட்டுத் திராட்சை பனிக்காலத்தில் இலையுதிர்த்துத் தூங்கும், வருடத்துக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் கொடி தூங்குவதே இல்லை. விவசாயி எப்போது கிளைகளை வெட்டிக் கவாத்து அடிக்கிறாரோ அன்றிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். ஏட்டுக்கணக்கில் மார்கழி-தையில் ஒரு கவாத்து, வைகாசி-ஆனியில் ஒரு கவாத்து. நடைமுறையில் ஆளுக்கொரு தேதியில் வெட்டுவார்கள், சந்தையில் எல்லாப் பழமும் ஒரே நாளில் போய்க் குவிந்துவிடக் கூடாதே. அதனால் ஒரு தோட்டத்தில் மொட்டைக் கம்பும், பக்கத்துத் தோட்டத்தில் கடுகு அளவு பிஞ்சும், அதற்கடுத்ததில் அறுவடையும் ஒரே காலையில் பார்க்கலாம்.

தோட்டத்துக்குள் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு "அண்ணே, உள்ள வந்து பாத்துக்கலாமா?" என்று கேட்டால் மாட்டேன் என்பவர் அபூர்வம். மருந்து அடித்த அன்று மட்டும் விடமாட்டார்கள், அது உங்கள் நன்மைக்கு. பழத்தைத் தொடாதீர்கள். குலையில் பழத்தின் மேல் மெல்லிய வெண்பூச்சு ஒன்று படிந்திருக்கும், மாவைத் தூவி ஊதிவிட்டது மாதிரி. பழம் தானே சுரக்கும் மெழுகு அது. விரல் பட்டால் அந்த இடம் மட்டும் கறுத்துப் பளபளக்கும், திரும்ப வராது. வியாபாரி குலையைத் தூக்கிப் பார்த்ததும் முதலில் கவனிப்பது அதைத்தான். அறுக்கிற பெண்கள்கூட காம்பைப் பிடித்துத்தான் கத்திரி வைப்பார்கள். இலைகளிலும் கல்தூண்களிலும் தெறித்திருக்கும் நீலக்கறை வேறு விஷயம். அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, அடிச்சாம்பல் நோய்க்கு அடிப்பது. வாங்கும் பழத்தை நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள், பந்தலிலிருந்து பறித்து நேராக வாயில் போட வேண்டாம்.

சுருளிப்பட்டிச் சாலையோரத் தோட்டங்கள் சில சுற்றுலாத் தலமாகவே ஆகிவிட்டன. குமுளி, தேக்கடிக்கு வரும் கேரளத்துக்காரர்கள் இறங்கிவந்து படமெடுத்துக்கொண்டு, ஜூஸ் குடித்து, பழம் வாங்கிப் போகிறார்கள். மலையாளப் பலகைகளும் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் அந்தச் சாலையில் வேனும் காருமாக நிற்கும். அதனால் சனிக்கிழமை அல்லது வாரநாள். ஞாயிறுதான் முடியும் என்றால் இங்கே நிற்காமல் நேராக அருவிக்குப் போய்விடுங்கள். பந்தலைப் பார்க்க இதைவிட நல்ல இடம் பின்னால் வருகிறது.

சுருளிப்பட்டியிலிருந்து அருவிவரை நான்கு கிலோமீட்டர் அளவு, லேசான ஏற்றம். கியர் சைக்கிளில் இரண்டு கியர் இறக்கினால் போதும். இங்கிருந்து காடு. 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தையும் மேகமலை வன உயிரினச் சரணாலயத்தையும் இணைத்துப் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல், தமிழகத்தில் ஐந்தாவது. அதனால் சைக்கிளுக்கு எல்லை வனத்துறை நுழைவாயில்தான். அங்கே சைக்கிளைப் பூட்டிவிட்டு, சீட்டு வாங்கி, நடந்து போக வேண்டும். இரண்டு கட்டமாக விழும் அருவி, தண்ணீர் மேகமலை உச்சியிலிருந்து இறங்குவது. குளிப்பதென்றால் மாற்றுத்துணி வேண்டும். ஈரத் துணியோடு சேணத்தில் உட்கார்ந்து இருபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டினால் தொடை உரிந்துவிடும். குரங்குகள் பையைத் திறக்கத் தெரிந்தவை, தின்பண்டத்தை வெளியே எடுக்காதீர்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் தர்ப்பணம் கொடுக்க ஜனம் கூடும், அன்று வராதீர்கள்.

இன்னொன்று, யானை நடமாட்டம் அல்லது வெள்ளம் என்று வனத்துறை அருவியை மூடும் நாட்கள் உண்டு. முந்தைய நாள் தேனி செய்திகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தால் மூடியிருக்கிறது, வாட்ச்சரிடம் கெஞ்சுவதில் பயனில்லை. 2023 மே மாதம் 27-ஆம் தேதி அரிக்கொம்பன் என்ற யானை கம்பம் ஊருக்குள்ளேயே வந்தது நினைவிருக்கும். கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்து பெரியாறு காப்பகத்தில் விட்ட யானை. கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி, சண்முகாநதி அணை என்று அது சுற்றிய இடங்கள் ஏறக்குறைய உங்கள் பாதையேதான். ஜூன் 5-இல் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அது ஒரு தனி யானையின் கதை என்றாலும், அடிவாரத் தோட்டங்களுக்கு யானையோ பன்றியோ வருவது இங்கே புதிதல்ல. எனவே இந்தச் சுற்றில் இரண்டு நேரக் கட்டுப்பாடு: அருவிச் சாலையில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே ஏறுங்கள். அணைப்பக்கம் மாலை நான்குக்கு மேல் இருக்காதீர்கள். கைபேசி வரைபடத்தில் மலையடியை ஒட்டி மண்பாதைகள் தெரியும், சுருளிக்கும் அணைக்கும் குறுக்குவழி மாதிரி ஆசைகாட்டும். அனுமதியில்லாமல் காப்பகத்துக்குள் போனால் அது குற்றம். அபராதத்தைவிட, அந்தப் பாதையில் உங்களுக்கு எதிரே யார் வருவார்கள் என்பதுதான் என் கவலை.

நான் சொன்ன நல்ல இடம் காமயகவுண்டன்பட்டியிலிருந்து இராயப்பன்பட்டி வரை. இந்தச் சுற்றில் வேறெதையும் விட்டாலும் இதை விடாதீர்கள். வண்டிகள் குறைவு, வலப்பக்கம் முழுக்க மேகமலைச் சுவர், சாலை மேடும் பள்ளமுமாகச் சின்னச் சின்ன ஓடைகளைத் தாண்டிப் போகும். ஒரு மேடு ஏறி இறங்கும் வேகத்திலேயே அடுத்ததைப் பாதி ஏறிவிடலாம், சைக்கிள் ஓட்டத் தெரிந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்! படம் எடுக்க வருபவர்களுக்காக வைத்த தோட்டங்கள் அல்ல இவை, பிழைப்புக்கான தோட்டங்கள். கவாத்து அடித்த கொடிக்கம்புகள் சாலையோரம் குவிந்திருக்கும், பிளாஸ்டிக் கூடைகளில் பழம் ஏறிக்கொண்டிருக்கும், தரம் பிரித்து ஒதுக்கியதை அங்கேயே மலிவாகத் தருவார்கள். ஒதுக்கியது என்றால் கெட்டது இல்லை, குலை கலைந்தது. சாப்பிடுவதற்கு அதுவே போதும்.

பஞ்சர் ஆவதும் பெரும்பாலும் இங்கேதான். சீமைக்கருவேல முள் ஒருபக்கம், பந்தல் வேலையில் வெட்டி எறிந்த கட்டுக்கம்பித் துண்டு மறுபக்கம். ஆளுக்கு ஒரு மாற்று டியூப், ஒட்டுப்பெட்டி, கைப்பம்ப் கட்டாயம். 32 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் நல்லது, 25 போட்ட ரோடு சைக்கிள் என்றால் அணைக்குப் போகும் சாலையைத் தவிர்த்துவிடுங்கள். ஊர்க் கடைகளில் காற்று அடிக்கும் இயந்திரம் எல்லாம் தடித்த வால்வுக்கானது. உங்கள் சைக்கிளில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் அதற்கான பித்தளைத் திருகி ஒன்றை மதுரையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பத்து இருபது ரூபாய்ச் சாமான் ஒரு நாளைக் காப்பாற்றும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டில், ஒன்றில் உப்புச் சர்க்கரைக் கரைசல்.

சண்முகாநதி அணை இராயப்பன்பட்டிக்குத் தெற்கே மலை மடியில் சின்னதாக இருக்கிறது. மழைக்குப் பிறகு நிறைந்திருக்கும்போது மலை முழுவதும் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். கோடையில் வெறும் சேறுதான், போக வேண்டியதில்லை. பையனுக்குக் களைப்பு என்றாலும் விட்டுவிடலாம், அங்கிருந்து ஆனைமலையன்பட்டி, கோகிலாபுரம் வழியாக உத்தமபாளையம் இறக்கமும் சமதளமுமாகச் சீக்கிரம் வந்துவிடும். காலை ஆறரைக்குக் கிளம்பினால், அருவியில் ஒரு மணி நேரம், தோட்டத்தில் அரை மணி நேரம் செலவழித்தும் பன்னிரண்டரை வாக்கில் சாப்பாட்டுக்கு உட்காரலாம்.

எந்த மாதம் என்பதற்கு வருகிறேன். மார்கழி நல்ல குளிர் என்று எல்லோரும் அப்போது கிளம்புவார்கள், ஆனால் அது சபரிமலைக் காலம். தேனி, கம்பம், குமுளி சாலை முழுக்க ஐயப்ப பக்தர்களின் வண்டி, போதாததற்குக் கம்பம்மெட்டு மலைச்சாலை வழியாகப் போய் குமுளி வழியாகத் திரும்பும் ஒருவழி ஏற்பாடு வேறு. மகரவிளக்கு முடிந்த பிறகு, அதாவது ஜனவரி இருபதுக்கு மேல் பிப்ரவரி முடிய, இதுதான் என் தேர்வு. சாலை காலி, காலையில் இதமான குளிர், வடகிழக்கு மழைக்குப் பிறகு அருவியிலும் அணையிலும் தண்ணீர் மிச்சமிருக்கும். பங்குனி, சித்திரையில் பதினோரு மணி வெயில் தாங்காது. ஆனி முதல் ஆவணி வரை காற்று, ஆனால் நான் சொன்ன திசையில் ஓட்டினால் பாதிச் சுற்று சும்மாவே தள்ளிக்கொண்டு போகும், பந்தயக்காரர்களுக்கு அது ஒரு ருசி. ஐப்பசி, கார்த்திகையில் மழை, அருவி மூடும் நாட்கள் அதிகம்.

வந்து சேர்வது எளிது. சொந்தக் காரில் சைக்கிள் ரேக் இருந்தால் கேள்வியே இல்லை. மதுரை-போடி அகலப்பாதை வந்த பிறகு தேனிவரை ரயில் இருக்கிறது, சைக்கிளைப் பார்சலாகப் போடலாம், தேனியிலிருந்து உத்தமபாளையம் முப்பது கிலோமீட்டர் அளவு. அந்த முப்பதையும் மிதித்தே வரலாம் என்று நினைக்காதீர்கள், சலிப்பான நெடுஞ்சாலை, அடுத்த நாளுக்கான கால் பலத்தை அங்கேயே செலவழித்துவிடுவீர்கள். பேருந்தில் முன்சக்கரத்தைக் கழற்றி ஏற்றுவது நடத்துநரின் மனதைப் பொறுத்தது.

மேகமலையை இதே நாளில் சேர்க்கலாமா என்றால், கூடாது. சின்னமனூரிலிருந்து மேலே போகும் அந்தச் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம், பாதிக்கு மேல் காடு, தென்பழனியில் வனத்துறை சோதனைச் சாவடி. அளவான சுற்று கேட்டவருக்கு அது வேறு ஜாதி ஓட்டம். இரண்டாம் நாள் தங்குவதாக இருந்தால் சைக்கிளை உத்தமபாளையத்தில் அறையிலேயே பூட்டிவிட்டு, சின்னமனூரிலிருந்து மேகமலை பேருந்தில் ஏறுங்கள். நேரம் குறைவான பேருந்து, நிலையத்தில் முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பையனுக்கு ஜன்னலோரம், போகும்போது இடப்பக்கம் கிடைத்தாலும் வலப்பக்கம் கிடைத்தாலும் பரவாயில்லை, 18 வளைவில் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பள்ளத்தாக்கு தெரிந்துவிடும்.